காயில்காரர் மகள் கையில் எரிந்த பல்பு

பழுதான மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் கொடுக்கும் காயில்காரரின் மகள் கையில் பல்பைக் கொடுத்தால் எரியும். வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அவள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் இது தொடங்கியது. தெருக்காரர்கள் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி தேடுவதை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஒரு பிரசவமே அவள் பிடித்த வெளிச்சத்தில் நடந்தது. காயில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம தொழில் பிள்ளைக்கு ரத்தத்துலயே ஊறியிருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பெருமைக்குச் சொன்னது அப்படியே உண்மை என்று அவருக்குத் தெரியாது.

வெளிச்சம் கூடக்கூட அவள் கை நடுங்கியது. பல்பு ஆட, சுவரில் நிழல்களும் ஆடின. குண்டுகுண்டாக இருந்த கையெழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கியது. பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தாலே காயில்காரர் எரிந்து விழுந்தார். காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூத்த மகனுக்கும் இப்படித்தான் கை நடுங்கி, நாக்கு குழறி, கடைசியில் கண் மஞ்சளாகி வயிறு வீங்கியது. குடிதான் என்று முடிவு கட்டி அவனைக் கடையிலிருந்து துரத்தியவர் அவர். "குடிக்கலப்பா" என்று அவன் குழறிச் சொன்னதே அவருக்குச் சாட்சியாகப் போய்விட்டது. ஈரல் கெட்டு அவன் செத்தான். மகளுக்கு வந்தது நோய் என்றால் மகனுக்கு வந்ததும் நோய்தானே. அதைத் தாங்கும் நெஞ்சு அவருக்கு இல்லை.

ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிருந்தபோது மகள் கண்ணில் தூசி விழுந்தது. அவள் பல்பை முகத்தருகே பிடிக்க, அம்மா ஊதப் போனாள். கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். மூத்தவன் கண்ணிலும் இதே வளையத்தைப் பார்த்து, அழகு என்று கன்னத்தைக் கிள்ளியவள் அவள். புருஷனிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் கிளம்பினாள். காயில்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனார்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், ரத்தமும் சிறுநீரும் சோதித்து வரச் சொன்னார். முடிவைப் பார்த்துவிட்டு, உடம்பு தாமிரத்தை வெளியே தள்ளத் தெரியாமல் ஈரலிலும் மூளையிலும் கண்ணிலும் சேர்த்துவைக்கிறது என்றார். "பரம்பரையா வர்றது. அம்மா பாதி, அப்பா பாதி கொடுத்தது. மருந்துல இறங்கிடும், ஆனா ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. கூடப் பிறந்தவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

காயில்காரர்தான் சொன்னார்: "மூத்தவன் ஒருத்தன் இருந்தான் சார். குடிக்காதவனை நான் குடிகாரனாக்கிட்டேன்." அவர் அழுதது வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்டது.

மாத்திரை வேலை செய்வதை வீட்டார் பல்பை வைத்தே அளந்தார்கள். மங்கியது, மினுக்கியது, அடுத்த வருஷம் ஒருநாள் எரியவே இல்லை. கையெழுத்து மெல்ல மெல்லப் பழையபடி குண்டானது. தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மெழுகுவர்த்தி வாங்கினார்கள். காயில்காரர் அந்தப் பல்பைக் கடையில் மகன் படத்துக்கு மேலே ஒரு ஆணியில் வயர் இல்லாமல் சும்மாதான் தொங்கவிட்டார். அது எரிந்தது. அணைக்கச் சுவிட்சும் இல்லை, யாருக்கும் மனசும் இல்லை. மீட்டர் பார்க்க வந்த புது ஆள் அதை அண்ணாந்து பார்த்து, கீழே இருந்த படத்தைக் காட்டி, "பையனா?" என்றார்.

"மூத்தவன். குடிக்க மாட்டான்" என்றார் காயில்காரர்.

வந்தவர் தலையாட்டிவிட்டு மீட்டரைப் பார்க்கப் போனார்.