நெத்திக்காசு

பெஞ்சு ஒரு பக்கம் ஆடியது. நாகேந்திரன் குனிந்து அதன் காலுக்கு அடியில் உடைந்த ஓட்டுச்சில்லு ஒன்றைச் செருகினான். ஆட்டம் நிற்கவில்லை. இன்னொரு சில்லு தேடி எடுத்து வைத்தான். பெஞ்சின் மேல் அவன் அப்பா கோவிந்தராஜ் கிடந்தார். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. தாடையைத் தூக்கிக் கட்டிய வெள்ளைத்துணி உச்சந்தலையில் முடிச்சாக நின்றது, பல்வலிக்காரனுக்குக் கட்டிவிட்ட மாதிரி.

விடியற்காலையில் பால் வாங்கக் காசு கேட்டு அம்மா எழுப்பியிருக்கிறாள். அவர் எழவில்லை. அவ்வளவுதான் நடந்தது. முந்தின ராத்திரி ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு, கரண்ட் போனதற்குத் திட்டிவிட்டுத்தான் படுத்தார்.

கள்ளிக்குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வரும் நாள் அது. சாவு வீட்டுக்கு முதலில் என்று தெருவே ஒதுங்கி நின்று இரண்டு டிரம் பிடிக்க விட்டது. குளிப்பாட்டி முடித்து, புது வேட்டி போர்த்தி, விபூதி பூசியாகிவிட்டது. அத்தை நாகம்மா கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு நின்றாள்.

"நெத்திக்காசு எங்கடா? ஒத்த ரூபா எடு. சந்தனம் காயுது பாரு."

நாகேந்திரன் சட்டைப்பையைத் துழாவி ஒரு ரூபாய் எடுத்தான். புதிதாக வந்திருக்கும் சின்ன ரூபாய். அத்தை அதை வாங்கவே இல்லை.

"இன்னாடா இது, சட்டை பட்டன் மாதிரி கீது! காலம் பூரா வெள்ளிக்காச நோண்டிகினு கெடந்த மனுசன்டா எங்கண்ணன். அவரு நெத்தில பஸ் கண்டக்டர் குடுத்த சில்லறையா வெப்பே?"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, வேம்புலியம்மாள், எழுந்து உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் தகர டப்பா இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு காசு இருந்தது. இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்திருந்தாள். விரல் காசின் முகத்தில் படவில்லை. அப்பாவும் அப்படித்தான் பிடிப்பார்.

காசு கருத்து, புளியங்கொட்டை நிறத்தில் இருந்தது. அம்மா அதைப் பொட்டு மாதிரி சந்தனத்தின் மேல் பதித்தபோது நாகேந்திரனுக்கு எந்தக் காசு என்று தெரிந்துவிட்டது. முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய். ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்டது.

கோவிந்தராஜ் மண்ணூர்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் அச்சு மண் இடித்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி, திருமழிசை, அதற்கும் அப்பால் என்று ஊர் ஊராகப் போய், "ராணி காசு கீதா, ராஜா காசு கீதா" என்று கேட்டு வாங்குவார். கம்பெனியை மூடிய பிறகு தினமும் அதுவே வேலையாகிவிட்டது. விக்டோரியா ராணி தலைக்கு ஒரு விலை, மொட்டைத்தலை ராஜாவுக்கு ஒரு விலை. ராஜாவின் சட்டையில் போட்ட யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று அந்தக் காலத்தில் ஜனங்கள் வாங்க மறுத்த ரூபாய்க்குத் தனி விலை. வாங்கும் முன் ஒவ்வொரு காசையும் சிமெண்டுத் தரையில் போட்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். வெள்ளி நீளமாகப் பாடும், ஈயம் கலந்தது பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும். பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புருவத்தைத் தூக்கி வருஷத்தைப் பார்ப்பார்.

முப்பத்தெட்டு எங்கேயும் கிடைக்கும். முப்பத்தொன்பது கிடைக்காது. திருமழிசையில் ஒரு வீட்டில், பித்தளை அண்டாவுக்குள் கிடந்த சில்லறையில் அது வந்தது. அண்டாவைக் கூடப் போன பழைய சாமான் வியாபாரி தஸ்தகீர் பாய் வாங்கினார், சில்லறையை அப்பா வாங்கினார். அன்றிலிருந்து பாய், "அது டூப்பு மாமே. எவனோ எட்டைச் சொரண்டி ஒம்பது ஆக்கிக்கீறான்" என்று சொல்லி வருகிறார். அப்பாவும், "அப்ப இன்னாத்துக்கு மாசாமாசம் வெல கேக்குறே?" என்று சொல்லி வந்தார்.

நாகேந்திரன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஓட்டுகிறான். வலது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை, போன வருஷம் அந்தப் பிரஸ்ஸே எடுத்துக்கொண்டது. பட்டறைவாக்கத்தில் ஒரு கம்பெனியை மூடும்போது பழைய லேத் ஒன்று விலைக்கு வந்தது. அண்ணா நகரில் காசு சேர்க்கும் டாக்டர் ஒருவர் முப்பத்தொன்பதுக்குக் கொடுப்பதாகச் சொன்ன விலை, அந்த லேத்தை வாங்கிச் சொந்தமாகப் பட்டறைக் கொட்டகை போடவும் போதும். அப்பாவிடம் கேட்டான். "விக்கிறதுக்கு டப்பா நெறைய கீது. இது விக்கிறதுக்கு இல்ல" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "யாவாரிக்கு ஒண்ணாவது விக்காத காசு இருக்கணும்டா. இல்லாங்காட்டி அவன் வெறும் புரோக்கர்" என்றார். அதன் பிறகு இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. லேத் இன்னும் விற்காமல் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. போன வாரம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"கரியா கீதே வேம்பு," என்றாள் அத்தை. "கொஞ்சம் புளி போட்டுத் தேச்சி எடுத்தா பளிச்சுன்னு இருக்கும்ல?"

"வேணாம். தேச்சா அவருக்கு ஆவாது."

விஷயம் தெரிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆயுத பூஜைக்கு அம்மா, அரிவாள்மனை, சைக்கிள், அப்பாவின் ஃபவுண்டரிக் கரண்டி, சுத்தியல் எல்லாவற்றோடும் சேர்த்து டப்பாவில் இருந்த காசு முழுக்கப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கிவிட்டாள். புருஷனின் தொழில் காசுதானே, அதற்கும் பூஜை வேண்டாமா என்று நினைத்தாள். அப்பா வந்து பார்த்தார். காலத்தால் ஏறிய கருப்புதான் பழைய காசுக்கு விலை. தேய்த்துவிட்டால் வெள்ளி எடைதான். பொரியைத் தின்றுகொண்டே உட்கார்ந்திருந்தார். மறுநாள் எல்லாவற்றையும் சேட்டுக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார். அதிலிருந்து தஸ்தகீர் பாய் அம்மாவைப் 'புளி அண்ணி' என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தொன்பது வந்தது அதற்கு அப்புறம்.

நாகேந்திரன் அம்மாவின் அருகில் போய்க் குனிந்தான்.

"யம்மா, அது இன்னா காசுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நான் வேற எடுத்தாறேன். விக்டோரியா ஒண்ணு வெப்போம்."

"அவரு விக்க மாட்டேன்னு சொன்னது இது ஒண்ணுதான். கூடவே போவட்டும்."

"கூடவா போவும்? வெட்டியான் கைக்குப் போவும்."

அம்மா ஈயை ஓட்ட விசிறியை எடுத்துக்கொண்டாள். நெற்றியில் வைத்த காசை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. அது சுடுகாட்டில் வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டியது. இது அவனுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும், வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு மேல் தஸ்தகீர் பாய் டி.வி.எஸ்ஸில் வந்தார். ரோஜா மாலையைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் நின்றார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் நெற்றியைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்ததும் வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். இரும்பு நாற்காலியை இழுத்து நாகேந்திரன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரு வெச்சது அத?"

"அம்மா."

"தெரிஞ்சா வெச்சாங்க?"

"தெரிஞ்சுதான்."

பாய் பீடியைப் பற்ற வைத்தார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அணைத்துக் காதில் செருகிக்கொண்டார்.

"உனுக்கு ஒண்ணு சொல்றேன் நைனா. அது அசல்."

"டூப்புன்னு சொல்லிகினு இருந்தியே பாய்."

"யாவாரப் பேச்சு அது. உங்கப்பனுக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் பந்தல் கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த டாக்டரு இன்னும் தேடிகினுதான் கீறாரு. போன மாசம்கூடக் கேட்டாரு. வாய்க்கரிசி போடுவ இல்ல? நீதான் மொத ஆளு. அரிசியோட உன் புது ரூபாயயும் கைல வெச்சிக்க. அத வெச்சிட்டு இத எடுத்துக்க. வெட்டியானுக்கு நெத்தில ஒரு காசு இருந்தா போதும், ராஜாவா சிங்கமான்னு அவன் கேக்க மாட்டான். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அம்மாவுக்கு?"

"பொம்பளைங்க அங்க வர மாட்டாங்களே."

சட்டையைக் கழற்றச் சொல்லி அழைத்தபோது நாகேந்திரன், பையிலிருந்த புது ரூபாயை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். அம்மா தெருமுனை வரை வந்து நின்றுவிட்டாள். சாவு மேளம் முன்னால் போனது. பொரி தூவிக்கொண்டே போனார்கள். பாடை குலுங்கும்போதெல்லாம் நாகேந்திரன் கையில் நெருப்புச்சட்டியோடு திரும்பிப் பார்த்தான். பெரிய பள்ளம் ஒன்றில் பாடை சாய்ந்தது. காசு விழவில்லை. பாய் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட்டத்தின் ஓரமாக வந்தார்.

சுடுகாட்டில் எருமுட்டை அடுக்கித் தயாராக இருந்தது. சுடுகாட்டுக்காரர் நடுவயது ஆள், லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். "மகன் மொதல்ல வாப்பா, பொழுது போவுது" என்றார். அரிசிச் சட்டியை நீட்டினார்கள். நாகேந்திரன் மடிப்பிலிருந்த ரூபாயை எடுத்து, அதே கையால் அரிசியை அள்ளினான்.

அப்பாவின் வாயில் அரிசியைப் போட்டான். கொஞ்சம் சிதறிக் கழுத்தில் விழுந்தது. ரூபாய் உள்ளங்கையிலேயே இருந்தது. நுனி போன விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்ற விரல்களை நெற்றிக்குக் கொண்டுபோனான். பின்னால் நின்ற பாய் சத்தமாக இருமினார். கூட்டத்தில் இரண்டு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்தனம் காய்ந்து காசை இறுகப் பிடித்திருந்தது. நாகேந்திரன் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மேலே நெம்பினான். காசோடு நெற்றித் தோலும் இழுபட்டது. புருவம் இரண்டும் மெல்ல மேலே ஏறின, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருஷத்தைப் பார்க்கும்போது ஏறுகிற மாதிரியே.

அவன் கையை எடுத்துவிட்டான். புருவம் இறங்கியது. கட்டைவிரலால் காசை ஒரு தடவை அழுத்தினான். ராஜாவின் முகத்தில் அவன் விரல் பட்டது.

"போட்டாச்சா? அடுத்த ஆளு," என்றார் சுடுகாட்டுக்காரர்.

எல்லோரும் போட்டு முடித்த பிறகு அவர் வந்து, ஒரே இழுப்பில் காசை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். முகத்தை மூடி எருமுட்டை அடுக்கினார்கள். நாகேந்திரன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வந்தான். குடத்தில் ஓட்டை போட்டார்கள், பிறகு உடைத்தார்கள். முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்தான்.

"திரும்பிப் பாக்காத போப்பா. நேரா போ."

போனான். பின்னால் எருமுட்டையில் தீ பிடித்துக்கொள்ளும் சத்தம் வந்தது. தஸ்தகீர் பாய் வேகமாக நடந்து வந்து அவனோடு சேர்ந்துகொண்டார். அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தடை இல்லை. இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை நின்றுவிட்டார்.

"நைனா."

"இன்னா பாய்?"

"கல்லு மேல குந்திகினு சாம்பல் போட்டுத் தேய்க்கிறான்டா."

நாகேந்திரன் நிற்கவில்லை. சரக் சரக் என்று அவனுக்கும் கேட்டது.

"ஓடிப்போய் வாங்கிட்டு வரட்டுமா? இன்னும் ஒரு பக்கமாச்சும் மிஞ்சும்."

"தேய்க்கட்டும் வுடு."

பாய் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

பம்ப் ஓரத்தில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு ரோட்டுக்கு வந்தார்கள். கூட்டம் முன்னால் போய்விட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் நாகேந்திரன், குளிக்கும்போதும் மூடியே வைத்திருந்த வலது கையைத் திறந்தான். ரூபாய் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. எடுத்ததும் அதன் வட்டம் அப்படியே சிவப்பாகத் தெரிந்தது.

"ஒரு டீ, ரெண்டா குடு," என்றான்.

பாய் தன் பங்கை வாங்கி ஊதினார். "புளி அண்ணிகிட்ட இன்னா சொல்லப் போறே?"

"கேக்க மாட்டாங்க."

டீயைக் குடித்துவிட்டு நாகேந்திரன் ரூபாயை நீட்டினான். கடைக்காரர் அதைப் பார்க்காமலே வாங்கி, பாதி திறந்திருந்த கல்லாப்பெட்டிக்குள் போட்டார். மரத்தில் பட்டு டொக்கென்றது.

நாகேந்திரன் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தான். பாய் அதைப் பார்த்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தார்.