நான்காம் கட்டத்து நோயாளி

ஐசியுவில் நர்ஸாக இருந்தவள் நான். சாவைப் பார்க்கப் பார்க்க மனசு மரத்துப்போகும் என்று சீனியர்கள் சொன்னார்கள். சுத்தப் பொய். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து அழுதேன். இனி ஒரு உயிரும் என் கையில் போகக் கூடாது என்றுதான் வேலையை உதறிவிட்டு, கோர்ஸ் படித்து, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். சேர்த்துவிட்டது என் நாத்தனார். வீட்டில் அவளை அதட்டுவது நான். ஆபீஸில் அவள் எனக்கு டீம் லீட். நல்ல கூத்து.

ஆஸ்பத்திரிகளுக்காக எழுதிய மானிட்டர் புரோகிராமைச் சோதிப்பதுதான் வேலை. ஸ்கிரீனில் எட்டுக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நோயாளி. அவருடைய இதயத் துடிப்பு, விரலில் மாட்டும் கிளிப்பின் அலை. கோளாறு தெரிந்தால் சொல்ல வேண்டும்.

"எல்லாம் டம்மி பேஷண்ட், அண்ணி. கம்ப்யூட்டரே உருவாக்கினது. நிம்மதியா வேலையைப் பாருங்க" என்று நாத்தனார் சொல்லியிருந்தாள்.

அன்று காலை நான்காம் கட்டத்தில் விரல் அலை கோணல்மாணலாக ஓடியது. நோயாளி கையை ஆட்டினால் அப்படித்தான் ஓடும். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது.

"ஐயா, விரலை ஆட்டாதீங்க."

அலை சீரானது.

தற்செயல்தான், கிறுக்கு மாதிரி யோசிக்காதே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் சாப்பிடப் போனதும் ஸ்கிரீனருகே குனிந்தேன்.

"வலிக்குதா? வலிச்சா ஒரு தடவை மட்டும் விரலை ஆட்டுங்க."

அலை ஒரே ஒரு தடவை துள்ளியது.

நாத்தனாரைக் கையோடு இழுத்து வந்து, அவள் முன்னாலேயே மறுபடி கேட்டேன். மறுபடி துள்ளியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"சூப்பர் அண்ணி! பெரிய கோளாறைப் பிடிச்சிட்டீங்க. இந்த பேஷண்டை அழிச்சிட்டு ரிப்போர்ட் போடுங்க."

"நான் பேசினதுக்குத்தான் துள்ளுதும்மா!"

"இந்தக் கம்ப்யூட்டர்ல மைக்கே கிடையாது. உங்க வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்தி மேனேஜர் இன்னிக்குத்தான் முடிவு பண்றார். அவர்கிட்ட போய் இதையெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்கிடாதீங்க."

நிரந்தரமாகாவிட்டால் மறுபடி அந்த வார்டுதான். மவுஸைப் பிடித்தேன். "மன்னிச்சிருங்க ஐயா" என்று முணுமுணுத்தேன். துடிப்பு மளமளவென்று ஏறியது. நாத்தனார் என் தோளருகே நின்றிருந்தாள். அழித்தேன். கோடு நேராகி, கட்டம் வெறுமையானது. எதிலிருந்து தப்பி ஓடி வந்தேனோ அதையே என் கையால் செய்துவிட்டேன் என்று முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

"அவ்வளவுதான். இதுக்குப் போய் இப்படி..." என்று முதுகில் தட்டிவிட்டு அவள் போய்விட்டாள்.

வார்டில் ஒருவர் போய்விட்டால் நாங்கள் முதலில் அவர் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்து மூடுவோம். மற்ற நோயாளிகள் பார்த்து மிரளக் கூடாது. எந்த அவசரத்திலும் நான் அதை மறந்ததில்லை. இங்கே அப்படி ஒரு நினைப்பே எனக்கு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மீதி ஏழு கட்டங்களிலும் துடிப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஏழு விரல்களும் நடுங்கின.

"ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல?" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் துடிப்பு இன்னும் வேகமாக ஏறியது.