குறொய்டனில் இல்லாத வானம்

வடதுருவத்து வெளிச்சத்தைப் படம் எடுக்கப் போகிறேன் என்று ஒரு மனிதன் உண்மையைச் சொன்னால், லண்டன் குறொய்டனில் இருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் அதை நம்ப ஒரு குஞ்சு குருமான்கூடக் கிடைக்காது. பாலேந்திராவுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி தவமலருக்குச் சொன்னார். டிக்கெட் போட்டுக் கொடுத்த யோகலிங்கத்துக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அவ்வளவுதான். காதும் காதும் வைத்தாற்போல் போய் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தார், பாவம்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு ஜனவரி மாதம். ஒரு சனிக்கிழமை கத்தரிக்காய் வாங்கக் கனகவல்லி அக்காவின் கடைக்குள் நுழைந்தார். அக்கா தராசில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"என்ன தம்பி பாலா, நோர்வேக்குப் போறீராம். கடைசியில ரத்தம் துடிச்சிட்டுது என்ன? அண்ணனைப் பாக்கப் போறீர்!"

பாலேந்திராவுக்குச் சுரீர் என்றது. "அண்ணையைப் பாக்க இல்லை அக்கா. நோர்தேர்ன் லைட்ஸ் எண்டு, வானத்தில பச்சையா ஒரு வெளிச்சம் வரும். அதைப் படம் எடுக்கப் போறன். அதுக்கெண்டே எனக்குத் தனிய ஒரு கைட் ஒழுங்கு பண்ணியிருக்கிறன்."

கடையில் நின்ற நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

"வானத்தைப் படம் எடுக்க ஆரும் அவ்வளவு தூரம் போவினமோ?" என்றார் கனகவல்லி அக்கா. "ஏன், குறொய்டனில வானம் இல்லையோ? வெக்கப்படாதையும் தம்பி. தம்பிக்காரன் அண்ணனைத் தேடிப் போறது நல்ல காரியம்தானே. நான் ஒரு சின்னப் பார்சல் தாறன், கொண்டுபோய்க் குடும்."

இனி அந்த அண்ணன் கதையைச் சொல்லாவிட்டால் சரிவராது. பாலேந்திராவுக்குக் கூடப்பிறந்தது யோகராஜா ஒருவர்தான். நோர்வேயின் வடக்குக் கரையில், உலகம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருடம் ஆகிறது.

சண்டைக்குக் காரணம் கமெராதான். அண்ணன் சொல்லித்தான் பாலேந்திரா எக்கவுண்டன்சி படிக்க லண்டனுக்கு வந்தவர். கடைசிப் பரீட்சைக்குப் போகாமல், கலியாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். அது அண்ணன் காதுக்குப் போயிற்று. போன் வந்தது. "வீடு வீடாய்க் கமெராவைத் தூக்கிக்கொண்டு திரியிறதுக்கோ உன்னை லண்டனுக்கு அனுப்பினது? வெளியில சொல்ல வெக்கமாக் கிடக்கு. இனி எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை." பாலேந்திரா மட்டும் சும்மா விடுவாரா? "சரி, எனக்கும் அண்ணன் இல்லை" என்று போனை வைத்தார். அதற்குப் பிறகு, முதலில் அண்ணன் எடுக்கட்டும் என்று தம்பியும், தம்பி எடுக்கட்டும் என்று அண்ணனும் இருந்தார்கள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், சந்தேகமே இல்லை.

கமெரா பாலேந்திராவுக்குச் சோறு போட்டது, வீடும் வாங்கித் தந்தது. ஆனால் மனிதர் அலுத்துப்போனார். "தம்பி, எங்களை ஒருக்கா கேக்கோட எடும்." "தம்பி, இவவின்ர அட்டியல் படத்தில விழுதோ?" ஒவ்வொரு வார இறுதியும் இதே பாட்டு. ஒரு நாள் பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் அந்தப் படத்தைக் கண்டார். கறுத்த மலை, அதற்கு மேலே பச்சைத் திரைச்சீலை தொங்குகிற மாதிரி ஒரு வானம். யாரையும் சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஒரு படம்! அன்று பிடித்த ஆசைதான். படத்துக்குக் கீழே இசபெல் என்று ஒரு பெண்ணின் விலாசம் இருந்தது. படம் எடுக்க வருகிறவர்களைத் தன் காரில் கூட்டிக்கொண்டு போய், வானம் வெளித்திருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவாளாம்.

தவமலர் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வெளிச்சம் பின்லாந்திலயும் வருமாம். நீங்கள் ஏன் நோர்வேயைப் பிடிச்சனீங்கள்?"

"கைட் அங்கதானே இருக்கிறா," என்றார் பாலேந்திரா, கொஞ்சம் பலமாக. தவமலர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க வீட்டு மணி ஓயவில்லை. ஒருவர் பிளேன் ஏறுகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி ஊருக்குச் சொந்தம், இது நம் சனத்தின் எழுதாத சட்டம். மிளகாய்த்தூள் வந்தது. காயவைத்த பனங்கிழங்கு ஒடியல் வந்தது. பனங்கட்டி, பனம்பழப் பினாட்டு, புழுங்கல் அரிசி மா, பழைய சாறிக்குள் சுற்றிய ஊறுகாய்ப் போத்தல் எல்லாம் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே பெயர்: யோகராஜா. "அவர் அங்க இருக்கிற மற்றாக்களுக்குப் பிரிச்சுக் குடுப்பார்" என்றார்கள். நான் அங்கே போகவில்லை என்று பாலேந்திரா சொல்லச் சொல்ல, "ஓம் ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே பார்சலை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் பெட்டியில் இடமில்லாமல் கம்பளிக் காற்சட்டை ஒன்றை வெளியே எடுத்து வைக்க வேண்டி வந்தது. கமெராவின் முக்காலியைக் கையில் பிடித்துக்கொண்டு பிளேன் ஏறினார். எரிச்சல் எரிச்சலாக வந்தது அவருக்கு.

இசபெல் ஒரு ஸ்கொட்லாந்துக்காரி. கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டவள். அதிகம் பேசமாட்டாள், அதுவே பாலேந்திராவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பார்சல் பெட்டியின் கதையை இவர் சொன்னபோது அவள் வரைபடத்தைப் பார்த்து, அந்த ஊர் அப்படி ஒன்றும் தூரமில்லை, காரில் ஏற்றுங்கள், வானம் நம்மை அந்தப் பக்கம் கொண்டுபோனால் கொடுத்துவிடலாம் என்றாள். பெட்டியை ஏற்றினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு விடாத தும்மல்.

போன அன்றும் முகில், மறுநாளும் முகில். காருக்குள் இருந்து சூப் குடித்ததுதான் மிச்சம். கடைசி நாள் மத்தியானமே இருட்டியது. அங்கே அந்த மாதத்தில் அப்படித்தான். ஆனால் முகில் ஒரு பொட்டு இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இசபெல் உற்சாகமாகக் காரை எடுத்தாள். ஒரு சந்தியில் நிறுத்தினாள். இடது பக்கம் போனால் கடற்கரை, உங்கள் அண்ணனின் ஊர் என்றாள். ஆனால் அங்கே தொழிற்சாலை விளக்குகள் கண்ணைக் குத்தும், படத்துக்குச் சரிவராது. வலது பக்கம் போனால் மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கு, கும்மிருட்டு, அதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டுக்கும் போக நேரம் போதாது. எந்தப் பக்கம்?

பாலேந்திரா கண்ணாடிக்கு வெளியே இடது பக்கப் பாதையைப் பார்த்தார். பனி தள்ளி வைத்திருந்த சாதாரண ரோடு. போய்க் கதவைத் தட்டினால் அண்ணன் என்ன சொல்லுவார்? கமெராவைத் தூக்கிக்கொண்டு இஞ்சயும் வந்திட்டியோ என்பாரா? எட்டு வருடம் தேடாதவர் இன்றைக்கு என்ன தேடப்போகிறார்? நெஞ்சு ஒரு பக்கம் இழுத்தது, ரோஷம் மறுபக்கம் இழுத்தது. ரோஷம் வென்றது.

"வலது பக்கம்," என்றார்.

அட, அந்த வானத்தை என்னவென்று சொல்வது! முதலில் மலைக்கு மேலே மெல்லிய சாம்பல் கோடு ஒன்று. அடுப்புப் புகையாக்கும் என்று நினைத்தார். பார்த்துக்கொண்டிருக்கவே அது பச்சையாகி, அகன்று, மடிந்து, தலைக்கு மேலால் ஓடியது. அதன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடக்கிறதே என்று அவருக்கு நம்ப முடியவில்லை. இசபெல் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லித் தந்தாள்: லென்ஸில் மூச்சுப் படவிடாதீர்கள், ஷட்டரைத் திறந்தால் ஆறுதலாக எண்ணுங்கள், குளிரில் ஃபிலிம் முறியும், பைய இழுங்கள். பாலேந்திரா சொன்னபடி செய்தார். கை விறைத்தது, கால் விறைத்தது, கம்பளிக் காற்சட்டையை நினைத்து ஒரு தரம் கனகவல்லி அக்காவைத் திட்டினார். ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக மட்டும் படம் எடுத்தார். மனம் நிறைந்துபோனது.

மறுநாள் காலை பாலேந்திரா தன் உடுப்புகளை வெளியே எடுத்துக்கொள்ள, கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் இசபெல் பெட்டியை ஏற்றிவிட்டாள். சாரதி தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார் என்றாள். பெட்டியில் அண்ணனின் பெயரைப் பெரிதாக எழுதிய பாலேந்திரா, ஒரு துண்டுக் கடிதம்கூட உள்ளே வைக்கவில்லை.

லண்டனுக்கு வந்து, ஸ்லைட்கள் கழுவி வந்த அன்று வரவேற்பறைச் சுவரில் போட்டுப் பார்த்தார்கள். தவமலர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தோடு பாலேந்திரா கடைக்குப் போனார். ஒரு படத்தைக் கனகவல்லி அக்காவுக்குக் காட்டி, இதுதான் அக்கா, குறொய்டனில் இல்லாத வானம் என்று சொல்ல வேண்டும் என்று ஆசை.

அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணன் என்னவாம்? சுகமோ? மெலிஞ்சு போனாரோ?"

"நான் அங்க போகேல்லை அக்கா. பார்சலை பஸ்ஸில அனுப்பிவிட்டனான்."

கனகவல்லி அக்காவின் கை தராசிலேயே நின்றது. "போகேல்லையோ? ஐயோ தம்பி! அந்த மனிசன் லீவு போட்டுட்டெல்லோ வீட்டில இருந்தவர்!"

"லீவோ? நான் வாறது அவருக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் எல்லாரும் கட்டின கதைதானே இது."

"நாங்கள் ஒண்டும் கட்டேல்லை. யோகலிங்கத்தின்ர மச்சான் அந்தப் பக்டரியிலதான் வேலை. நீர் டிக்கெட் போட்ட கதை உடன அங்க போயிட்டுது. அண்டைக்கே உம்மட அண்ணன் எனக்குப் போன் எடுத்தவர். 'தம்பி என்னைப் பாக்க வாறான். ஆரும் ஏதும் அனுப்பிறதெண்டா அவனிட்டக் குடுத்துவிடுங்கோ, எல்லாருக்கும் சொல்லுங்கோ' எண்டார். அந்தக் குரலில இருந்த சந்தோசத்தை நீர் கேட்டிருக்கவேணும். அவர் சொல்லித்தானே நான் கடைக்கு வந்த சனத்துக்கெல்லாம் சொன்னனான்."

பாலேந்திரா வீடு வரைக்கும் நடந்து வந்தார். பஸ் பக்கத்தால் போனதுகூடத் தெரியவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. ஆனால் ஊர்ச் சாமான் கையில் இருந்தால் தம்பி கொண்டுவந்து கொடுக்காமல் போகமாட்டான் என்று நம்பியிருக்கிறார். அந்த மிளகாய்த்தூளும் பினாட்டும் அண்ணன் அனுப்பிய அழைப்பு. இவரோ வானம் பார்க்கப் போய்விட்டு, அதை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டார்.

நடந்ததைக் கேட்ட தவமலர் உடனே கனகவல்லி அக்காவிடம் நம்பரை வாங்கி வந்து போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாலேந்திரா நம்பரைச் சுழற்றினார்.

"ஆர்?" என்றது அங்கே ஒரு குரல். கொஞ்சம் கிழண்டு போயிருந்தது.

"அண்ணை, நான் பாலா."

அங்கே கதிரை ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சாமான் எல்லாம் வந்து சேர்ந்தது," என்றார் யோகராஜா. "மிளகாய்த்தூள் பை ஒண்டு உடைஞ்சு போச்சு. மற்றதெல்லாம் நல்லாக் கிடக்கு. எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்திட்டன்."

"அண்ணை, நான் வந்திருக்கவேணும். நீங்கள் லீவு போட்டது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"அதை விடு. அண்டைக்கு வானம் நல்லா ஆடினது, என்ன? நான் வெளியில நிண்டு பாத்தனான். இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிறன், ஒருநாளும் உப்பிடி நிண்டு பாக்கேல்லை. நீ இதைப் படம் எடுக்க வாறாய், அது சரியான கஷ்டமான வேலை எண்டு யோகலிங்கத்தின்ர மச்சான் சொன்னவன். உனக்குச் சரிவருமோ, வராதோ எண்டு எனக்கு ஒரே யோசனை. படம் நல்லா வந்ததோ?"

பாலேந்திரா மேசையில் கிடந்த ஸ்லைட் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"வந்தது அண்ணை. நல்லா வந்தது. உங்களுக்கு நாளைக்கே தபாலில அனுப்பிவிடுறன்."

"தபாலிலயும் வேண்டாம், பஸ்ஸிலயும் வேண்டாம்," என்றார் யோகராஜா. "நீ கொண்டு வா."