யாருடைய பிள்ளை என்று கேட்காதே

"பாட்டுக்காரியும் கூட வந்திருக்கா. அவ எதையாவது கேட்டா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லன்னு சொல்லிடு. புரியுதா?"

சமையலறைக் கதவை முதுகால் அடைத்துக்கொண்டு கணவன் அடிக்குரலில் சொன்னான். தையற்காரி தட்டில் டம்ளர்களை அடுக்கினாள். முன்னறையில் வந்தவர்கள் சிரிப்பது கேட்டது. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் இப்படியொரு சிரிப்பா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

துக்கம் மூப்பருக்காக. ஒரு காலத்தில் அவர் பின்னால் ஊர் ஊராக நடந்த கூட்டத்தில் இவர்கள் எல்லோரும் இருந்தவர்கள். வீடு கூடாது, வேலை கூடாது, கர்த்தர் வரும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது மூப்பரின் போதனை. ஆண்கள் பேருந்து நிலையங்களில் நின்று பிரசங்கம் செய்தார்கள். பெண்கள் சந்தைக்குப் பின்னால் கொட்டிய குப்பையைக் கிளறி, அழுகாததைப் பொறுக்கி வந்து சமைத்துப் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டு, வேலை, வீடு என்று ஆனார்கள். மூப்பர் செத்த செய்தி அவர்களை மறுபடியும் இந்த மூன்றாம் மாடி வீட்டில் ஒன்றுசேர்த்திருந்தது.

அவள் தட்டோடு முன்னறைக்குள் நுழைந்தபோது நெட்டையன் பேசிக்கொண்டிருந்தான். அவன் இப்போது காப்பீட்டு முகவர். நாக்கு அப்போதும் நீளம், இப்போதும் நீளம்.

"அந்த ஆத்துப் பாலத்துக்கு அடியில படுத்தோமே, மூணாவது தூணுக்குப் பக்கத்துல. என்னா காத்து. அந்தத் தூக்கம் இன்னைக்கு ஏசி போட்டாலும் வருமா?"

"அதுக்கு அடுத்த ஊருலதானே பேக்கரிக்காரன் ஒரு மூட்டை பன் கொடுத்தான்," என்றார் கண்ணாடிக்காரர். அச்சகம் வைத்திருப்பவர், எதையும் திருத்திச் சொல்லாமல் விடமாட்டார். "பச்சை பெயிண்டு அடிச்ச கதவு. நாலு படி ஏறணும்."

"கவலையே கிடையாதுங்க. பறவை மாதிரி இருந்தோம்," என்றான் கணவன்.

பறவைகளின் பானையையும் பாயையும் தலையில் சுமந்தது யார் என்று தையற்காரிக்குத் தெரியும். மழை பெய்தால் இப்போதும் அவள் கழுத்து திரும்பாது. தையல் கடையில் குனிந்து வேலை செய்ததால் வந்த வலி என்று கணவன் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தான்.

"மூப்பர் கடைசியில கஷ்டப்படலயாம்," என்றார் கண்ணாடிக்காரர். "பெரிய ஆஸ்பத்திரி, தனி ரூம். ரெண்டு டாக்டர் பக்கத்துலயே இருந்தாங்களாம். எல்லாம் கிருபை."

அவள் தட்டை மேசையில் ஓசைப்பட வைத்தாள். மருந்து அவிசுவாசம் என்று சொல்லி, ஒரு தாய் மடியில் ஒளித்துவைத்திருந்த காய்ச்சல் மாத்திரையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்த ஆள் அவர். தனக்கு வந்தபோது மட்டும் தனி அறையும் டாக்டரும் கிருபையாகிவிட்டன. சாத்தான் வேதம் ஓதும் என்பார்கள்; ஆஸ்பத்திரியிலும் போய்ப் படுக்கும் போலிருக்கிறது.

வாசல் பக்கம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பாட்டுக்காரி ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. கூட்டத்தில் முன்னால் பாடிக்கொண்டு போனவள். இப்போது தொண்டை கட்டி, குரல் கரகரவென்று வந்தது. கடைசிவரை கூட்டத்தில் இருந்துவிட்டு, போன மாதம்தான் வெளியே வந்திருந்தாள்.

"உன் பொண்ணு வீட்டுலதான் இருக்காளா?" என்று தையற்காரியிடம் கேட்டாள்.

"உள்ள இருக்காக்கா. இன்னைக்குக் கடை லீவு."

கணவன் இருமினான். அந்த இருமலின் அர்த்தம் அவளுக்குத் தெரியும்.

கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் மாறும்போதெல்லாம் பிள்ளைகள் கை மாற வேண்டும். தன் பிள்ளை என்கிற எண்ணம் மாம்சத்தின் பந்தம், அது பாவம் என்று மூப்பர் சொல்லியிருந்தார். முலைப்பால் யாருக்குச் சுரந்தாலும், கையில் கொடுக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மொட்டை, ஒரே வெள்ளைத் துணி, பன்னிரண்டு வயதுவரை பெயர் கிடையாது. யாருடைய பிள்ளை என்று வழியில் யாராவது கேட்டால், கர்த்தருடையது என்று சொல்ல வேண்டும். என்னுடையது என்று வாய்தவறிச் சொன்ன பெண் பானை சுமக்கும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுவாள். ஆண்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எந்த ஆண் எந்தப் பிள்ளையைத் தூக்கினான், தண்டிப்பதற்கு?

தையற்காரிக்கும் பாட்டுக்காரிக்கும் ஒரே வாரத்தில் பெண் குழந்தைகள் பிறந்தன. இரண்டுக்கும் ஐந்து மாதமானபோது வாங்கிக்கொண்டு, வேறு பாதையில் நடந்த இன்னொரு பிரிவோடு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கண்ணிலேயே காட்டவில்லை. பிரிவுகள் மறுபடி சேர்ந்தபோது இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் கிடந்தன. மறுநாள் ஒன்று செத்துப்போனது. எது யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது என்றார் மூப்பர். எலும்பும் தோலுமாக மிஞ்சிய பிள்ளையை இரண்டு பெண்களும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா என்று உலகம் சொல்லும். பெற்றவளுக்கும் தெரியாதபடி ஆக்க முடியும் என்பதை மூப்பர் செய்து காட்டினார்.

சில மாதங்கள் கழித்துக் கணவன் கூட்டத்தை விட்டான். பிள்ளைக்காக இல்லை, தன்னுடைய பிரசங்க நேரத்தை மூப்பர் நெட்டையனுக்குக் கொடுத்துவிட்ட ரோஷம். தையற்காரி அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பாட்டுக்காரி வழியில் நின்று பார்த்தாள். வாயைத் திறந்தால் பாவம் என்பதால் திறக்கவில்லை. அந்தப் பார்வை ஒரு நாளும் தையற்காரியை நிம்மதியாகச் சாப்பிட விட்டதில்லை.

இப்போது பாட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

"சண்டைக்கு வரல, தங்கச்சி. அவ உன் பொண்ணாவே இருக்கட்டும். இப்ப கன்னத்துக்குள்ள பஞ்சு விட்டுத் தேய்ச்சு எடுத்து, பெத்தவ யாருன்னு சொல்லிடுறாங்களாம். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

நெட்டையன் கூரையைப் பார்த்தான்.

"சகோதரி, இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார் கண்ணாடிக்காரர். "நல்ல நாளும் அதுவுமா." செத்தவருக்காகக் கூடியதை எந்தக் கணக்கில் நல்ல நாள் என்றாரோ.

"எல்லாம் தேவனுடைய பிள்ளைங்க," என்றான் கணவன். "யாரு பெத்தா என்ன? அத ஆராயுறதே மாம்சம். விடுங்க."

தையற்காரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதே சொற்கள், அதே இழுவை. மூப்பரை விட்டு வந்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதென்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் அவரை வாய்க்குள் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறான். இந்த வாயோடு இத்தனை நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தோமே என்று உடம்பு கூசியது. பயமும் இருந்தது. பெண் கை விட்டுப் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

"நான் வரேன்க்கா," என்றாள். "நீ, நான், அவ, மூணு பேருமே போய்க் கொடுப்போம்."

"உனக்குப் பைத்தியமா? நான் என்ன சொன்னேன் உன்கிட்ட?" என்று கணவன் எழுந்தான்.

"ஞாபகமில்லன்னு சொல்லச் சொன்னீங்க. எனக்கு எல்லாம் ஞாபகமிருக்கு."

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் முகம் வெளுத்திருந்தது. அம்மாவையும் பார்க்கவில்லை, பாட்டுக்காரியையும் பார்க்கவில்லை. ஆண்களைப் பார்த்துக் கேட்டாள்:

"செத்துப்போன அந்தப் பாப்பாவ எங்க புதைச்சீங்க?"

நெட்டையன் கண்ணாடிக்காரரைப் பார்த்தான். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏதோ ஒரு பழைய மில்லுக்குப் பின்னாடி... இல்ல, அது வேற ஊரு," என்றான் நெட்டையன்.

"குழி தோண்டினது யாரு?"

"அப்பாதான்," என்றாள் தையற்காரி.

கணவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "எத்தனையோ ஊரு நடந்தோம், பாப்பா. அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கிறது? குழிய மூடின கையோட ஜெபத்துக்குக் கூப்பிட்டாங்க. போயிட்டேன்."

மகள் வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். பெண்கள் மூவரும் வெளியே வந்தார்கள். கணவன் பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான், யாரும் திரும்பவில்லை.

மகள் முன்னால் இறங்கிப் போய்விட்டாள். இரண்டாம் மாடிப் படியில் பாட்டுக்காரி நின்று மூச்சு வாங்கினாள்.

"தங்கச்சி, நெசமாவே அவ என்னோடதுன்னு வந்துட்டா என்ன பண்ணுவ?"

தையற்காரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ செத்தது என்னோடதுக்கா. அதுக்காவது உக்காந்து அழுவேன். யாரு பிள்ளைக்கு அழுறதுன்னு தெரியாம, ரெண்டு பேருமே இத்தனை வருஷமா அழாம இருந்துட்டோமே."