பிரிக்பீல்ட்ஸ் மேடையில் இரண்டு தாய்மார்

மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிவகாமி கொடிகளைப் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கும்போது நல்ல மழை. யாரோ குடை பிடித்து, தலையைக் குனிந்தபடியே பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிட்டார்கள். இப்போது நிமிர்ந்து பார்த்தால், அந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் கட்சிக் கொடிகள். முதுகுக்குப் பின்னால் ஒரு மனிதரின் சிரித்த முகம், ஆள் உயரத்துக்கு.

பக்கத்து நாற்காலியில் இருந்த நல்லம்மாளின் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

"அக்கா, இது எலக்சன் கூட்டமா?"

"தெரியலையே. அமைதிக் கூட்டம்னுதானே சொன்னாங்க" என்றாள் நல்லம்மாள். அவளும் கொடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது மலேசியாவில் தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பொதுத்தேர்தல் நேரம். அந்த இரண்டு பெண்களும் அதற்கு முன் பல மேடைகளில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், தோட்டத்து சமூகக் கூடங்கள். எல்லா இடத்திலும் சிவகாமிதான் முதலில் எழுந்திருப்பாள். கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுடைய மகன் சுகுமாறன், கிள்ளான் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளின் நடுவே இரண்டு கும்பல்கள் மோதிக்கொண்டதில் வெட்டுப்பட்டு இறந்தான். அதை அவள் நான்கு வாக்கியங்களில் சொல்லி முடிப்பாள். அதற்கு மேல் அவளால் முடியாது. அவள் உட்கார்ந்ததும் நல்லம்மாள் எழுந்து, "வெட்டுனது என் மகன். பேரு தேவராஜ். இப்ப காஜாங் ஜெயில்ல இருக்கான்" என்பாள். கூடம் அப்படியே அடங்கிப் போகும். பின்வரிசையில் காலை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் காலை மடக்கிக்கொள்வார்கள்.

இருவரையும் சேர்த்துவைத்தது கண்ணப்பன். அவருடைய தாத்தா காலத்தில் கிள்ளானில் வட்டிக்கடை. இவர் காலத்தில் லோரி கம்பெனி. சுகுமாறன் இறந்த பிறகு கும்பல் பையன்களைத் தேடிப்போய்ப் பேசிய ஒரே பெரிய மனிதர் அவர்தான். இரண்டு பக்கத்துப் பையன்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். அதன் பிறகு சங்கம் ஒன்றைத் தொடங்கினார். இந்திய இளைஞர்களிடையே வன்முறையைக் குறைக்க மாநில அரசு கொடுத்த மானியம் அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. வேன் வந்தது. பந்து விளையாடப் பாடாங், அதாவது ஒரு திடல், கிடைத்தது. வேலை தேடும் பையன்களுக்கு ஆள் பார்த்துக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் வெட்டுக்குத்து குறைந்ததும் உண்மைதான். அதைக் குறைசொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே அன்றைக்கும் பெயரைச் சொல்லி அழைத்ததும் சிவகாமி எழுந்தாள். தன் நான்கு வாக்கியங்களைச் சொன்னாள். நல்லம்மாளும் சொன்னாள். கூடம் வழக்கம்போல அடங்கியது. ஆனால் அந்த அமைதி நிலைக்கவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர், "இந்த ரெண்டு தாயோட கண்ணீரைத் துடைச்சவர் யாரு? நம்ம வேட்பாளர்தான்" என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. படத்தில் சிரித்த மனிதர் நேரில் வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே தூக்கினார். சிவகாமி அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் கை குளிர்ச்சியாக இருந்தது. படம் எடுத்தார்கள்.

கையை இறக்கும்போதுதான் கீழே நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்த பையன்களைக் கவனித்தாள். எல்லாரும் பாடாங்கில் பந்து விளையாடும் பையன்கள். நல்லம்மாளின் இளைய மகன் விஜயனும் அவர்களில் இருந்தான். 'வன்முறை வேண்டாம்' என்று எழுதிய சங்கத்துச் சட்டையைப் போட்டிருந்தார்கள். சட்டையின் மேல் கட்சிச் சின்னம் குத்தியிருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் சிவகாமி நேராகச் சங்கத்துக்குப் போனாள். கடைவீட்டின் மாடியில் ஒரு பெரிய அறை, அவ்வளவுதான் சங்கம். கண்ணப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"சார், நேத்து அது கட்சிக் கூட்டமாச்சே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"உக்காருங்கம்மா." அவர் கோபப்படவில்லை. "அந்த மனுஷன்தான் மேல இருக்கவங்ககிட்ட நமக்காகப் பேசுனாரு. இல்லாட்டி மானியம் எங்க வந்திருக்கும்? ஒரு நன்றி சொல்லப் போனோம். அது தப்பா?"

"நன்றின்னா சரி. பசங்க சின்னத்தக் குத்திக்கிட்டு..."

"எலக்சன் டைம்ல இந்தப் பசங்கள சும்மா விட்டா யாரு கூப்பிடுவான் தெரியுமா? இன்னொருத்தன் கூப்பிடுவான். கையில பாராங் கத்தி குடுத்து, அந்தக் கூட்டத்தக் கலைச்சிட்டு வான்னு அனுப்புவான். நான் நாற்காலி தூக்கச் சொன்னேன். சோறு போட்டேன். அன்னைக்கு ஒருத்தனுக்காவது ரத்தம் வந்துச்சா?"

வரவில்லை. சிவகாமி எழுந்தாள். மாடிப்படியில் இறங்கும்போது அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, தன் மகனின் சாவை யாரோ எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டது போல இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும், அப்படி நினைப்பது நன்றிகெட்டதனம் என்று பட்டது. வீடு வந்து சேர்ந்தும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

தேர்தல் முடிந்தது. அந்த வேட்பாளர் வென்றார். அதன் பிறகுதான் பிரச்சினை கிளம்பியது. வன்முறை ஒழிப்புக்கு மாநிலம் கொடுத்த பணத்தில் வேன் ஓட்டிக் கட்சி வேலை செய்தார்கள் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். இன்னும் சில சங்கங்களின் பெயரையும் சேர்த்தார். பொய், பொறாமை என்று கண்ணப்பன் மறுத்தார். விசாரணை நடக்கும் என்று அறிவிப்பு வந்தது.

ஒரு மாலை நல்லம்மாள் துணிக்கடைக்கே வந்துவிட்டாள். வழக்கமாகக் கடைக்கு வருபவள் இல்லை. சேலை பார்ப்பவள் மாதிரி நின்றுகொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"ஆபீசர் வந்து கேட்டா, எப்பவும் போல ஒரு கூட்டம்னு சொல்லிடு சிவகாமி."

"எப்பவும் போலவா இருந்துச்சு அக்கா?"

"நாம பேசுனது எப்பவும் பேசுறதுதானே?" அவள் ஒரு சேலையின் முந்தானையை விரித்து மறுபடி மடித்தாள். "விஜயன கண்ணப்பன் சார் லோரியில சேத்துக்கிட்டாரு. எனக்கு ஒருத்தன் உள்ள இருக்கான். இன்னொருத்தனத் தெருவுல விடச் சொல்றியா?"

"நான் அப்படிச் சொல்லல அக்கா. ஆனா அந்த ஆளு நம்ம கண்ணீரத் தொடச்சதா சொன்னாங்களே. சுகு செத்தப்ப அவரு எங்க இருந்தாரு?"

"எனக்கு மட்டும் தெரியுமா? உனக்குப் போனது போயிடுச்சு. எனக்கு இன்னும் ஒருத்தன் பாக்கி இருக்கான்."

சொன்ன பிறகு நல்லம்மாளின் முகம் மாறிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ளும் வழி தெரியாமல், சேலையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். சிவகாமி அன்று முழுக்க ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள்.

அந்த வாரமே அதிகாரி வந்தார். நசீருதீன் என்று பெயர் சொன்னார். சிறு வயதுக்காரர். அப்பா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்தவராம். கடையின் வாசனை பழகியது என்று சொல்லிவிட்டு, கடைத் தையல்காரர் வராததால் காலியாக இருந்த பின்கட்டில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"ஆன்டி, அந்த மானியம் மாநிலத்துப் பணம். பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூர்ல, மாநிலத்துக்கு வெளிய இருக்கு. அங்க ஏன் கூட்டிட்டுப் போனாங்க?"

"தெரியல தம்பி. கத்தி எடுக்கிற பசங்க மாநில எல்லை பார்த்தா எடுக்கிறாங்கன்னு கண்ணப்பன் சார் பேப்பர்ல சொல்லியிருந்தாரு."

"அவரு சொன்னது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. அது சங்கத்து நிகழ்ச்சியா, கட்சி நிகழ்ச்சியா?"

"நான் பேசுனது சங்கத்துல பேசுறதுதான். சுவத்துல இருந்தது கட்சிக் கொடி."

"அப்போ உங்கள ஏமாத்திக் கூட்டிட்டுப் போனாங்க."

சிவகாமி யோசித்தாள். "கொடியப் பார்த்ததும் நான் எறங்கியிருக்கலாம். எறங்கலையே."

"அப்போ சம்மதிச்சுத்தான் பேசுனீங்க."

"என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையே தம்பி."

நசீருதீன் பேனாவை மூடினார். அவருக்கும் களைப்பாக இருந்தது போலத் தெரிந்தது. "வேன் அங்க போச்சு. பசங்க சட்டை போட்டுக்கிட்டுப் போனாங்க. அது வரைக்கும் எனக்குத் தெரியுது. அது தப்பா இல்லையான்னு முடிவு பண்றது நான் இல்ல ஆன்டி."

"அப்ப யாரு?"

"அதான் எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் போன பிறகு இரண்டு நிருபர்கள் வந்தார்கள். அவர்களிடமும் சிவகாமி அதையே சொன்னாள். அடுத்த நாள் கடை முதலாளி உமர் பாய் இரண்டு பத்திரிகைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். ஒன்றில் 'ஏமாற்றப்பட்டேன்: தாய் குமுறல்' என்று இருந்தது. மற்றொன்றில் 'சங்கத்தின் மீது புகார் இல்லை: தாய் திட்டவட்டம்'. இரண்டிலும் அதே படம். வேட்பாளர் அவள் கையைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம்.

"எதும்மா உண்மை?" என்று கேட்டார் உமர் பாய்.

"ரெண்டும் நான் சொன்னதுலேருந்துதான் எடுத்திருக்காங்க பாய்" என்றாள் அவள். அவர் பத்திரிகைகளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மானியம் நிறுத்தப்பட்டது. விசாரணை என்ன ஆனது என்று யாரும் அறிவிக்கவில்லை. கண்ணப்பன் மீது வழக்குப் போடவில்லை. குற்றமில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் தலைவர் பதவியை விட்டு விலகினார். மாடி அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். விஜயனை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதை நினைத்தபோது சிவகாமிக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நல்லம்மாள் அவளோடு பேசுவதை விட்டுவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் தாண்டி, விஜயன் சிவகாமியின் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். இறங்காமலே அவளைக் கூப்பிட்டான்.

"ஆன்டி, மேரு ரோட்டுல நம்ம பையன் ஒருத்தன வெட்டிட்டாங்க. ஆஸ்பத்திரியில இருக்கான். எல்லாரும் பாடாங்குல சேர்ந்துட்டாங்க, திருப்பி அடிக்கப் போறாங்க. கண்ணப்பன் சார் வீட்டுல ஆள் இல்ல. நீங்க வாங்க."

"அம்மா எங்க?"

"அம்மா முன்னாடியே போயிட்டாங்க."

சிவகாமி அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பாடாங் ஓரத்தில் மோட்டார்கள் வரிசையாக நின்றன. சில பையன்கள் இஞ்சினை ஓடவிட்டிருந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய நீளமான பொருள்கள் சிலரின் கையில் இருந்தன. நல்லம்மாள் முதல் மோட்டாருக்கு முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்த வார்த்தைகளைச் சிவகாமி பேச முயன்றாள். முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டாள். அந்த வார்த்தைகள் இப்போது யாருடையவை என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. ஒருவன் அவளைப் பார்த்து, "நீங்க கட்சிக்குப் பேசுற ஆன்டிதானே, போங்க லா" என்றான்.

நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரத் தார்ச்சாலையில், மோட்டார்ச் சக்கரத்துக்கு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சிவகாமியும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விஜயன் சற்றுத் தயங்கி, அம்மாவின் மறுபக்கம் உட்கார்ந்தான்.

"எழுந்திரிங்க ஆன்டி."

"ஏத்திட்டுப் போ" என்றாள் நல்லம்மாள். அவள் குரல் உயரவில்லை.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் இஞ்சினை அணைத்தான். இன்னொருவன் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். அதற்குள் சாலை முனையில் ஒரு போலீஸ் லோரி வந்து நின்றது. பையன்கள் கலைந்தார்கள். அன்றைக்கு யாரும் யாரையும் தேடிப் போகவில்லை. இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்ததாலா, லோரி வந்ததாலா என்று பிற்பாடு ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

விஜயன் கொடுத்த கையைப் பிடித்து இருவரும் எழுந்தார்கள். சேலையெல்லாம் சேறு. முனையில் இருந்த கடையில் நல்லம்மாள் தேநீர் வாங்கினாள். சிவகாமியின் கோப்பையை அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.

"உனக்குப் போனது போயிடுச்சுன்னு சொன்னேனே, அத நான் சொல்லியிருக்கக் கூடாது."

"விடு அக்கா."

"நீ ஆபீசர்கிட்ட சொன்னதும் தப்புன்னு சொல்ல மாட்டேன். சரின்னும் எனக்குச் சொல்லத் தெரியல."

"எனக்கும்தான்" என்றாள் சிவகாமி.

அடுத்து வெட்டுப்பட்ட பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதா, முதலில் அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்ப்பதா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். சங்கத்து வேன் இப்போது இல்லை. விஜயன் பஸ் வருகிறதா என்று பார்க்கச் சாலைக்குப் போனான்.