பிட்டு சாரின் நிரல்

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளைத் தயாரிக்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் சூடு கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் நிரலை ஒரே ஒரு ஆள்தான் எழுதியிருந்தார். அதுவும் அசெம்பிளியில். பெட்டியில் இருக்கும் சிப்புக்கு நேராகப் புரியும். மனிதர் கண்ணுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் மொழி. சிப்பின் நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டையும் கருமித்தனமாகச் செலவழிப்பார் என்பதால் ஆபீஸில் அவருக்கு 'பிட்டு சார்' என்று பெயர். புதிதாக வருகிறவர்கள், பரீட்சையில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்டவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் மறுக்கமாட்டார்.

அவர் மனைவி அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தாள். அவள் சரி என்று சொல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. வீட்டில் குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்காத மனுஷன், ஆபீஸில் அவள் ஒரு குறை சொல்லிவிட்டால் மல்லுக்கு நிற்பார். நின்றுவிட்டு, சாயங்காலத்துக்குள் திருத்தியும் கொடுத்துவிடுவார்.

அந்த வருஷம் பழைய சிப்பைத் தயாரிப்பதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. புது சிப்புக்கு நிரலை எப்படியும் மாற்றி எழுதியாக வேண்டும். மறுபடி அசெம்பிளியிலேயே எழுதுவதா, நாலு பேருக்குப் புரிகிற சி மொழியில் எழுதுவதா என்று பேச்சு எழுந்தது. பிட்டு சார் ஒரே பிடியாக நின்றார்.

"இத்தனை வருஷத்துல ஒரு புகார் வந்திருக்கா? சி-யில எழுதினா நடுவுல அத மொழிபெயர்க்கிற கம்பைலர் என்ன பண்ணி வைக்கும்னு யாரு கண்டா? அசெம்பிளியில நான் சொன்னது மட்டும்தான் நடக்கும். நானே எழுதித் தரேன்."

மனைவியும் அவர் கட்சிதான். அந்த நிரலை இத்தனை வருஷமாகக் குடைந்து குடைந்து சோதித்தவள் அவள். அதன் அருமை அவளுக்குத் தெரியும்.

இதை முடிவு செய்யும் மீட்டிங்குக்கு முந்தைய வாரம் அவர் புது சிப்புக்கு ஒரு பகுதியை எழுதிக் கொடுத்தார். சூடு எல்லை தாண்டினால் ஹீட்டரை அணைக்கிற பகுதி. அவள் மாதிரிப் பெட்டியில் ஏற்றி ஓட்டினாள். எல்லை தாண்டியது. அலாரம் அடித்தது. ஹீட்டர் அணையவில்லை. சூடு ஏறிக்கொண்டே போனது. அவளே பிளக்கைப் பிடுங்கினாள். தப்பு யாருக்கும் வரும். ஆனால் இது அவருக்கு வரக்கூடிய தப்பு இல்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, பழைய நிரல்ல ஹீட்டர அணைக்கிற இடம் எது? காட்டுங்க பார்ப்போம்."

அவர் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். விரல் ஒரு வரியில் நின்றது, பிறகு வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போனது.

"இங்கதான்... இதோ... கண்ணாடி மாத்தணும்."

 போன மாதம் அவர் பஸ் மாறி ஏறி எங்கோ போய் இறங்கியது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டது, எல்லாவற்றையும் வயசுக் கோளாறு என்று தள்ளியிருந்தாள்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "எழுத்து தெரியுது. ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"டாக்டரப் பார்க்கலாங்க."

"பார்க்கலாம். மீட்டிங் முடியட்டும்."

மேனேஜர் நல்ல மனிதர். ஆனால் எதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளமாட்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். டெஸ்டிங் அக்கா என்ன சொல்றாங்களோ அதுவே முடிவு," என்று மீட்டிங்கில் பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார். பிட்டு சார் மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கடைசி நிமிஷம் வரை அவள் எதையும் தீர்மானித்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"சி-யிலயே எழுதிடலாம் சார்."

"ஏன்க்கா?"

"இத அவர் ஒருத்தராலதான் படிக்க முடியும். உள்ள குழந்தை படுத்திருக்கு. ஒருத்தரையே நம்பி விடக்கூடாது."

"அதான் நான் இருக்கேனே, எங்க போயிடப் போறேன்?" என்று பிட்டு சார் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "உன்கிட்ட சொன்னது என் தப்பு."

டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. பிட்டு சார் வேலையை விட்டார். வீட்டில் அவளோடு பேசுவதையும் விட்டார். பசித்தால் சுவரைப் பார்த்து, "இந்த வீட்டுல சாப்பாடு உண்டா?" என்பார். சுவருக்குப் பதிலாக அவள் தட்டு வைப்பாள்.

ஆபீஸில் இரண்டு பேர் சி-யில் எழுதத் தொடங்கினார்கள். பழைய நிரலில் ஓர் இடம் யாருக்கும் பிடிபடவில்லை. அவ்வப்போது ஹீட்டர் காரணமில்லாமல் ஒரு கணம் அணைந்து எரிந்தது. தேவையில்லாதது, விட்டுவிடலாம் என்றார்கள். அவள் விடவில்லை. பழைய பெட்டியில் பொம்மையைப் படுக்க வைத்து, குழந்தையின் உடம்புச் சூட்டை அளக்க ஒட்டுகிற சென்சாரைக் கழற்றி, ஒட்டி, மறுபடி கழற்றி, நாள் கணக்கில் பார்த்துக் கடைசியில் கண்டுபிடித்தாள். ஹீட்டர் அணையும் அந்தக் கணத்தில் சென்சாரும் காற்றோடு சேர்ந்து சட்டென்று குளிர்ந்தால், அது குழந்தையின் உடம்பை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். உடனே அலாரம் அடிக்கும். யாரும் கேட்காமலே பிட்டு சார் தானாகச் செய்து வைத்தது. அதையும் சி-யில் எழுத வைத்தாள். இப்போது யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். புதுப் பெட்டி சோதனையில் தேறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்த ஹீட்டர் தந்திரத்தை அவரிடம் சொன்னாள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்டார். பல வாரத்துக்குப் பிறகு முகத்தைப் பார்க்கிறார்.

"அட, நல்லா யோசிச்சிருக்கானே! யாரு எழுதினது?"

"நீங்கதாங்க."

"போதும் உன் கிண்டல்," என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

அவர் முகத்தில் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. எதற்குக் கோபம் என்பதே மறந்துபோய்விட்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் பேசுகிற நாட்களே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தாள். கிண்ணம் நிறையத் தோல் கிடந்தது. பட்டாணி குப்பைக்கூடையில் இருந்தது. கூடையை மடியில் வைத்துப் பொறுக்க ஆரம்பித்தாள்.