எல்லோரும் வரிசையில் நின்ற ஞாயிறு

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசை முடிந்தால், ஞானமலர் தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்து நாலு பேரோடு கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த ஞாயிறு மட்டும் மகள் சுஜானியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் வெளியேறிவிட்டாள். மண்டப வாசலில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். ‘விசா இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகம் போகலாம். வந்து கேளுங்கள்’ என்று அதன்மேல் பெரிதாக எழுதியிருந்தது.

மன்னாரிலிருந்து வந்த அவர்களுக்கு விசா கிடைக்கவேயில்லை. இப்போதைக்குத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று சொல்லும் டுல்டுங் தாள் மட்டும்தான். அதையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இது கோயிலில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளியிறுதிப் பரீட்சையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்த சுஜானி கணிதம் படிக்க ஆசைப்பட்டாள். அவளுடைய தாளிலோ படிக்க அனுமதியில்லை என்று அச்சடித்திருந்தது. மகளுக்குத் தொழிற்பயிற்சி செய்யத்தான் விருப்பம் என்று ஞானமலர் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாள். அப்படிச் சொல்லும்போது சுஜானி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்ததும் தாய் பேச்சை மாற்றிவிடுவாள்.

மேசை போட்டவள் லக்சிகா என்ற மாணவி. அவளும் டுல்டுங் தாளோடுதான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். இப்போது நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, தமிழர் கூடும் இடங்களுக்கெல்லாம் போய்ச் சொல்லித் திரிந்தாள். அந்த ஞாயிறு அவளிடம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மேசைக்குக் கிட்டப் போனாலே விசா இல்லாத ஆள் என்று எல்லோருக்கும் விளங்கிவிடுமே.

அடுத்த மாதமும் மேசை இருந்தது. ஞானமலர் பின்கதவுப் பக்கம் திரும்பியபோது பாடகர் குழுவிலுள்ள இமெல்டா வந்து வழிமறித்தாள். ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்துப் பல காலமான மனுஷி.

"போனமுறை அந்தப் பிள்ளையள் தனிய இருந்ததுகள். இண்டைக்கு விசா இருக்கோ இல்லையோ, எல்லாரும் வரிசையில நிக்கிறம். நீரும் வாரும் மலர்."

மறுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று ஞானமலர் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசை மண்டபத்தையே சுற்றி வளைந்திருந்தது. பஸ் ஓட்டும் பீலிக்ஸ் நின்றார், கைக்குழந்தைக்காரிகள் நின்றார்கள், முழங்கால் வருத்தக்காரர்கள் கதிரையோடு நகர்ந்தார்கள். இமெல்டா தனக்கு வானசாஸ்திரம் படிக்க இடம் கிடைக்குமா என்று மண்டபம் முழுவதும் கேட்கும்படி கேட்டாள். சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. அந்தச் சத்தத்துக்குள் யார் உண்மையாகக் கேட்கிறார்கள், யார் துணைக்கு நிற்கிறார்கள் என்று ஒருவராலும் பிரித்தறிய முடியவில்லை.

தன் முறை வந்ததும் ஞானமலர் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சுஜானிதான் மேசைமேல் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, எங்களுக்கு டுல்டுங். நான் கணிதம் படிக்கலாமோ?"

"ஓம், படிக்கலாம். தாளில இருக்கிற தடையை எடுக்கச் சொல்லிக் கேப்பம். நீர் தனிய போகவேண்டாம், நாங்களும் வாறம்."

வெளிநாட்டவர் அலுவலகத்தில் முதல்முறை ஏலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுஜானி இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. லக்சிகா அறை வாசலிலேயே உட்கார்ந்து, தன்னையும் அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள் என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அலுவலகம் நாள் குறித்துத் தந்த இரண்டாம் டெர்மினுக்கு ஒரு சட்டத்தரணி கூட வந்தார். இந்தமுறை ஞானமலரே விசா இல்லாததைச் சொல்லித் துணைக்கு வரும்படி வாய்விட்டுக் கேட்டதால், கோயிலிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து வாசலில் நின்றது. பீலிக்ஸ் வேலைக்கு லீவு போட்டிருந்தார். ஏன் இவ்வளவு காலம் மறைத்தாய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. குளிருக்குச் சூடாக மீன் றோல்ஸ் கொண்டுவந்து, சாப்பிடு சாப்பிடு என்று கையில் திணித்தார்கள்.

தடை நீங்கியது. விசா வரவில்லை, ஆனால் ஒக்டோபரில் சுஜானி கணித மாணவியானாள். வரவேண்டாம் என்று மகள் சொல்லியும் ஞானமலர் முதல்நாள் ட்ராமில் கூடவே போனாள். பல்கலைக்கழக வாசலில் அவள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிடப் போக, சுஜானி, "போங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று சொல்லிவிட்டு, தாயை ஒருமுறை இறுக்கிக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள்.

அந்த வாரம் இமெல்டா வீட்டுக்கு வந்தாள். வழக்கமான கலகலப்பு இல்லை.

"என்ர தங்கச்சி டோர்ட்முண்டில இருக்கிறாள். அவளின்ர மகளுக்கும் உந்தத் தாள்தான். படிக்கிறதெண்டால் பிள்ளைக்குப் பயம். தாய்க்கு அதைவிடப் பயம்."

ஞானமலர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நம்பரைத் தாங்கோ அக்கா. தாயோட நான் கதைக்கிறன்."

பிறகு பார்க்கலாம் என்று விடவில்லை. அப்போதே, இமெல்டாவின் முன்னாலேயே எண்ணை அழுத்தினாள்.